ஊட்டிக் குளிரில் ஹீட்டட் பூல்: பிள்ளைகளை இறக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறைக்கு ஊட்டி பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டிருக்கிறோம். திறந்தவெளியில் ஹீட்டட் பூல், பக்கத்திலேயே ஜக்குஸி (குமிழி விடும் வெந்நீர்த் தொட்டி) என்று படம் அனுப்பினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. பெரியவனுக்கு 7 வயது. அவ்வப்போது வீசிங் வரும், இன்ஹேலர் வைத்திருக்கிறோம். சின்னவளுக்கு இரண்டரை வயது. என் மாமியாருக்கு 66, பிபியும் சுகரும் உண்டு. "அந்தக் குளிரில் தண்ணீரில் இறக்கினால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும், காய்ச்சலோடுதான் ஊர் திரும்புவீர்கள்" என்கிறார் அத்தை. அப்படியே இறக்கினாலும் வந்ததும் சாம்பிராணிப் புகை போட்டே ஆக வேண்டுமாம். கேரளாவில் அமீபா காய்ச்சல் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து எனக்கும் பயம்தான். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

தாராளமாக இறங்கட்டும். பிள்ளைகள் இத்தனை ஆசையோடு இருக்கும்போது வேண்டாம் என்று தடுக்க மருத்துவக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் கவலை முழுவதும் குளிரைச் சுற்றியே இருக்கிறது. எனக்குக் கவலை தருபவை வேறு: அந்தத் தண்ணீரை எப்படிப் பராமரிக்கிறார்கள், குளத்தின் மேல் எழும் ஆவியில் குழந்தை கண்ணுக்குத் தெரிவாளா, அப்புறம் அந்த ஜக்குஸி.

முதலில் அத்தை சொன்னதைப் பார்ப்போம். சளியும் காய்ச்சலும் வைரஸ்களால் வருகின்றன, ஈரத் தலையால் வருவதில்லை. குளிர்காலத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்ட காரிலும் ஜன்னல் சாத்திய அறையிலும் எல்லோரும் நெருக்கமாக இருக்கிறோம். ஒருவர் இருமினால் போதும், மற்றவர்களுக்கும் தொற்றிவிடும். வழியில் தொற்றிய வைரஸ் இரண்டாம் நாள் காய்ச்சலாக வெளிப்படும்போது பழி நீச்சல்குளத்தின் மேல் விழுகிறது. அதற்காக அத்தையின் பயத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நனைந்த உடம்போடு மலைக்காற்றில் நிற்கும் குழந்தை மிக வேகமாகச் சூட்டை இழக்கும். தோலில் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. எடையோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தைக்குத் தோல் பரப்பு நம்மைவிட அதிகம், அதனால் இழப்பும் அதிகம். எனவே கவனம் வேண்டியது தண்ணீரை விட்டு வெளியே வரும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். துண்டும் குல்லாவும் காய்ந்த உடையும் குளத்தின் விளிம்பிலேயே தயாராக இருக்கட்டும். அறைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஈரத்தோடு நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். முதலில் தலையைத் துவட்டி, ஈர உடையைக் கழற்றி, காய்ந்த உடையைப் போட்ட பிறகுதான் போட்டோ எல்லாம். இதை நீங்கள் செய்வதைப் பார்த்தாலே அத்தைக்குப் பாதி பயம் போய்விடும்.

நேரமும் முக்கியம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் அதிகாலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் அதே இடம் மதியத்தில் இதமாகிவிடும். ஆகவே காலை 11 மணியிலிருந்து மதியம் 3 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மலையில் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் கீழே சமவெளியில் இருப்பதைவிட அங்கே அதிகம். முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். போய் இறங்கிய அன்றைக்கே பிள்ளைகளைக் குளத்தில் விடவும் வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்து வந்திருப்பார்கள், காற்றில் ஆக்ஸிஜனும் கொஞ்சம் குறைவு. மறுநாள் போகட்டும்.

இப்போதே ரிசார்ட்டுக்கு போன் செய்து ஒன்று கேளுங்கள்: "தண்ணீர் எத்தனை டிகிரி?" 'ஹீட்டட்' என்று எழுதியிருப்பதால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 26 டிகிரி காற்றில் நாம் சட்டையோடு சுகமாக இருப்போம். அதே 26 டிகிரி தண்ணீரில் உங்கள் மகள் கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடுவாள். ஒலிம்பிக் நீச்சல்குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி என்று விதி வைத்திருக்கிறார்கள் என்றால், அது விடாமல் கை கால் அடித்து நீந்தும் வீரர்களுக்காக. விளையாட மட்டும் இறங்கும் 7 வயதுப் பையனுக்கு 28 முதல் 30, இரண்டரை வயதுக் குழந்தைக்கு 30 முதல் 32 டிகிரி இருந்தால் நல்லது. ரிசார்ட்டில் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை என்றால், நேரில் போய்க் கையை அல்ல, முழங்கால்வரை காலை விட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எந்தச் சூட்டிலும் சின்னவளுக்கு 20 நிமிடம் போதும். உதடு நீலம் பூத்தாலோ நடுக்கம் வந்தாலோ அதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். அழுதால் அழட்டும்.

சரி, இனி தண்ணீரின் சுத்தம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதே இல்லை.

குளத்தைச் சூடாக்கினால் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். வெதுவெதுப்பில் ஆட்கள் அதிக நேரம் உள்ளே இருப்பார்கள், வியர்ப்பார்கள், குழந்தைகள் சிறுநீர் கழிப்பார்கள். அத்தனையோடும் சேர்ந்து குளோரின் செலவாகும். கிருமிகளுக்கும் அந்தச் சூடு பிடிக்கும். போதாததற்கு, திறந்தவெளிக் குளமென்றால் வெயிலும் குளோரினைச் சிதைக்கும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை நிற்க இடமில்லாமல் கூட்டம் இருக்கும். செலவு செய்து சூடாக்கிய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட யாருக்கும் சுலபத்தில் மனம் வராது. இவையெல்லாம் ஒன்றுசேரும் நாட்களில்தான் நீங்கள் போகிறீர்கள்.

அதனால் பார்த்துவிட்டு இறங்குங்கள். குளத்தின் அடியில் தண்ணீர் வெளியேறும் கம்பி மூடி பளிச்சென்று தெரிய வேண்டும். கலங்கலாகத் தெரிந்தால் இறங்க வேண்டாம். நீர் மட்டத்தில் இருக்கும் டைல்ஸை விரலால் தேய்த்துப் பாருங்கள், வழுவழுவென்று பாசிபோல் ஒட்டினால் அங்கே கிருமிகள் குடியிருக்கின்றன என்று பொருள். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாசனை' வந்தால் குளோரின் நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின் என்ற பொருளின் வாசனை. நன்றாகப் பராமரிக்கும் குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும். கண் எரிச்சலுக்கும் அடங்காத இருமலுக்கும் காரணம் இந்தக் குளோரமின்தான். வீசிங் இருக்கும் உங்கள் மகனுக்கு இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள, குளோரின் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் நனைத்து, நிறத்தை டப்பாவில் இருக்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். நீச்சல்குளத்தில் ஃப்ரீ குளோரின், அதாவது இன்னும் செலவாகாமல் மிச்சமிருக்கும் குளோரின், 1 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறையக் கூடாது, ஜக்குஸியில் 3-க்குக் குறையக் கூடாது. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பி.எச். அதற்கு மேல் போனால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. ஸ்ட்ரிப் இல்லையென்றால் குளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம், "இன்றைக்குக் குளோரின் எவ்வளவு, நோட்டில் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்பவர் உடனே நோட்டைக் காட்டுவார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. இறங்கும் முன் ஒரு நிமிடமாவது ஷவரில் நின்று உடம்பைக் கழுவிக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு இறங்காதீர்கள், அந்த எண்ணெயோடு போராடியே குளோரின் தீர்ந்துவிடும். தேங்காய் எண்ணெயைக் குளித்து முடித்து, நல்ல தண்ணீரில் கழுவிய பிறகு தோலில் தடவுங்கள், வறட்சிக்கு நல்லது. சின்னவளுக்கு நீச்சல் டயப்பர் போட்டாலும், மலத்திலிருந்து கிருமி தண்ணீரில் கலப்பதை அது தடுக்காது. அரைமணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குத் தூக்கிப் போங்கள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் அவர் கண்டிப்பாக இறங்கக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியாகக் குளோரின் போட்ட குளத்திலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். ஒரு குழந்தையின் வயிற்றிலிருந்து அது இருபது குழந்தைகளுக்குப் போகும்.

அமீபா பற்றிக் கேட்டீர்கள். கேரளாவில் 2024-லிலும் 2025-லிலும் பலரைப் பாதித்த மூளைக்காய்ச்சலுக்குக் காரணமானவற்றில் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா முக்கியமானது. அது வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். தண்ணீரைக் குடித்தால் அது நோயைத் தராது. மூக்கு வழியாக ஏறி மூளையைத் தொட்டால்தான் ஆபத்து. தேவையான அளவு குளோரின் உள்ள குளத்தில் அது பிழைக்காது. அதனால் மேலே சொன்ன அதே பரிசோதனைதான் இதற்கும் பாதுகாப்பு. சந்தேகமாக இருந்தால் மகனை மூக்கில் தண்ணீர் ஏறும்படி குதிக்க விடாதீர்கள், மூக்கு கிளிப் மாட்டிவிடுங்கள். போகும் வழியில் இருக்கும் குட்டையிலும் தேங்கிய ஓடையிலும் இறங்குவதைவிட, குளோரின் சரியாக உள்ள குளம் எவ்வளவோ மேல்.

அடுத்தது ஆவி. குளிர்ந்த காற்றில் வெதுவெதுப்பான குளத்தின் மேல் வெண்மையாக ஆவி எழும். படத்தில் அழகாகத் தெரிந்திருக்கும். ஒரு டாக்டராக எனக்கு அந்தக் காட்சி பயத்தைத் தருகிறது. மூழ்கும் குழந்தை கூச்சல் போடாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்குள் போய்விட்டால் சத்தம் எழ வழியில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஆவிக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆவியால் குளத்தின் அடி தெரியவில்லை என்றால் அன்றைக்கு யாரும் இறங்க வேண்டாம். காலை நேரத்தையும் மாலையையும் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னவள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவரும் தண்ணீரில் இருக்க வேண்டும், கை நீட்டினால் தொடும் தூரத்தில். கையில் மாட்டும் காற்று மிதவை விளையாட்டுப் பொருள், பாதுகாப்புப் பொருள் இல்லை. லைஃப் கார்டு எல்லா ரிசார்ட்டிலும் இருப்பதில்லை. உறவினர் பலர் சேர்ந்து போகும்போது "யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்" என்று எல்லோரும் நினைத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. நீங்களும் உங்கள் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள்: கால்மணி நேரம் இவர், கால்மணி நேரம் அவர், அந்த நேரத்தில் கையில் செல்போன் கூடாது. ஒருவேளை குழந்தையைப் பேச்சுமூச்சில்லாமல் வெளியே எடுத்தால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். 108-க்கு ஒருவர் அழைக்கட்டும், இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். போவதற்கு முன் ஒரு முதலுதவிப் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

ஜக்குஸி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருக்கிறேன். நீச்சல்குளமும் ஜக்குஸியும் பார்வைக்கு அக்கா தங்கைபோல இருக்கும், உடம்புக்கு இரண்டும் வேறு வேறு. ஜக்குஸித் தண்ணீர் 40 டிகிரி வரை போகும். 5 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை அதில் இறக்கவே கூடாது. அவர்கள் உடம்பு அவ்வளவு சீக்கிரம் சூடேறிவிடும். மகனையும் அதில் விட வேண்டாம் என்றே சொல்வேன். தொட்டித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும் துளையின் இழுவிசை ஒரு சிறுவனைப் பிடித்துவைக்கப் போதுமானது. 2002-ல் அமெரிக்காவில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிச் சிக்கி இறந்த பிறகுதான், 2007-ல் அங்கே இந்தத் துளை மூடிகளுக்குத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் இறங்குவதானால் கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் ஏறிவிடுங்கள். மது அருந்திவிட்டு யாரும் இறங்கக் கூடாது. நீங்கள் கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ ஜக்குஸி வேண்டவே வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் தாயின் உடல் சூடு அதிகமாக ஏறுவது கருவின் முதுகுத்தண்டு வளர்ச்சியைப் பாதிக்கலாம்.

இன்னொன்று. ஜக்குஸியின் குமிழிகள் வெடிக்கும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் பறக்கும். பராமரிப்பில்லாத தொட்டியில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தால் அது அந்தத் துளிகளோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவைத் தரும். 1999-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஓடவிட்டிருந்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து இந்த நோய் பரவி 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் அந்தத் தொட்டியில் இறங்கியவர்கள் இல்லை, பக்கத்தில் நடந்து போனவர்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அதனால் அத்தையை ஜக்குஸி ஓரமாக உட்கார வைத்துவிட்டு நீங்கள் குளிக்கப் போகாதீர்கள், நாற்காலியை வெயிலில், தள்ளிப் போடுங்கள்.

அத்தை குளத்தில் இறங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. அவருக்கும் ஆசை இருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பிபி கட்டுப்பாட்டில் இருந்தால், 28 முதல் 30 டிகிரி தண்ணீரில் இடுப்பளவு ஆழத்தில் மெதுவாக நடப்பது மூட்டுக்கும் நல்லது. ஜக்குஸி மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து பிபி இறங்கும், எழுந்தால் தலை சுற்றும். வெளியே வந்ததும் குளிரில் குழாய்கள் சுருங்கிப் பிபி ஏறும். பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். சுகர் இருப்பதால் பாதத்தை முதலில் பாருங்கள். புண்ணோ வெடிப்போ இருந்தால் இறங்க வேண்டாம். விளிம்பு வரை செருப்போடு நடக்கட்டும். சாப்பிடாமல் இறங்க வேண்டாம், கையெட்டும் தூரத்தில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். புடவையோ பருத்திச் சுடிதாரோ தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும், வெளியே வந்ததும் உடம்பை ஜில்லிட வைக்கும். முழுக்கை முழுக்கால் நைலான் நீச்சல் உடை பெரியவர்களுக்கும் கிடைக்கிறது.

மகனின் வீசிங்குக்கு வருகிறேன். வெதுவெதுப்பான தண்ணீருக்கு மேலே இருக்கும் ஈரக்காற்று பொதுவாக வீசிங் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளும். குளிர்ந்த வறண்ட காற்றில் ஓடியாடுவதைவிட நீச்சல் அவர்களுக்கு எளிது. ஆனால் கடந்த ஒரு வாரத்தில் வீசிங் வந்திருந்தால் இந்த முறை கரையிலேயே இருக்கட்டும். இன்ஹேலரும் அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் அறையில் இருந்து பயனில்லை, குளத்தின் கரையில் உங்கள் பையில் இருக்க வேண்டும். தினமும் எடுக்கும் இன்ஹேலர் இருந்தால் விடுமுறையில் ஒரு வேளைகூட விடக் கூடாது. அத்தையிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள்: சாம்பிராணிப் புகை இவனுக்கு வேண்டாம். புகை எதுவானாலும் வீசிங்கைத் தூண்டும். தலையைத் துவட்டி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்துக் காயவைத்தால் அவர் விரும்பும் அதே பலன் கிடைக்கும்.

புகை என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். குளிர்கிறதென்று அறைக்குள் கரி அடுப்பையோ பார்பிக்யூ கரியையோ கொண்டுவந்து வைக்காதீர்கள். மூடிய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைப் பகுதி விடுதிகளில் இப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. மின் ஹீட்டரோ கம்பளியோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து வடியவிடுங்கள், பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம். காது சவ்வில் ஓட்டை இருப்பவர்கள் காது டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு நீச்சல் உடை பட்ட இடங்களில் சிவந்த பருக்கள் வந்தால் அது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அடங்கவில்லை என்றாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ காட்டுங்கள். தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு சில நாட்களுக்கு மேல் நீடித்தாலும் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்குள் அத்தைக்கோ வேறு யாருக்கோ கடும் காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தாலும், பிள்ளைகளுக்குக் கடும் தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டாக்டரிடம் எடுத்த எடுப்பில், எந்தத் தேதியில் எந்தக் குளத்தில் இறங்கினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளில் லெஜியோனெல்லாவோ அமீபாவோ தெரியாது. அவற்றுக்குத் தனிப் பரிசோதனை எழுத வேண்டும், நீங்கள் சொன்னால்தான் அவருக்கு எழுதத் தோன்றும்.